சொந்தக் கதையை இங்கிலாந்துச் சஞ்சிகைக்கு விற்றுத்தரும் முகவர் சேவை: மட்டக்களப்பிலிருந்து ஒரு மதிப்புரை

ஒருவருடைய வாழ்க்கையில் நடந்ததைக் கேட்டு எழுதி, அதைப் பத்திரிகைகளுக்கும் வாராந்தப் பெண்கள் சஞ்சிகைகளுக்கும் விற்று, கதைக்கு உரியவருக்கு ஒரு தொகையைக் கொடுக்கும் முகவர் நிறுவனங்கள் இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக இயங்கி வருகின்றன. அவற்றுள் ஒன்றின் ஊடாக என் மச்சாளின் கதை, ஆழிப்பேரலையின் இருபதாம் ஆண்டு நினைவையொட்டி 2024 டிசம்பரில் அங்குள்ள ஒரு சஞ்சிகையில் வெளிவந்தது. மச்சாளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆகவே முதல் மின்னஞ்சல் தொடங்கி வங்கியில் பணம் விழும்வரை எல்லாக் கடிதப் போக்குவரத்தையும் நானே பார்த்தேன். பணம் எப்படிப் பேசப்பட்டது, எப்போது வந்தது, கையில் எவ்வளவு மிஞ்சியது என்பதையே முதன்மையாக வைத்து இந்தச் சேவையைப் பற்றி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இத்துறை முகவர்கள் பெரும்பாலும் ஒரே வகையான ஏற்பாட்டில்தான் வேலை செய்கிறார்கள் என்பதால், பெயரைவிட அந்த ஏற்பாட்டைத் தெரிந்துகொள்வதே வாசிப்பவர்களுக்குப் பயன்படும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசிய பணத்தை அவர்கள் கொடுத்தார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதியிருந்ததை மட்டுமே கொடுத்தார்கள். அதையும் நாங்கள் கேட்டுக் கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது. ஐந்துக்கு மூன்று என்று மதிப்பிடுவேன். அந்த மூன்றும்கூட, கதையைச் சொல்லத் தொடங்கும் முன்பே ஒப்பந்தத்தை வரிவரியாக வாசித்து, பிடிக்காத வரியைத் திருத்தச் சொல்லக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருப்பவர்களுக்கே பொருந்தும். அப்படி ஒருவர் இல்லாத வீட்டுக்கு இந்தச் சேவையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏன் சொல்லும் முன்பே என்று வற்புறுத்துகிறேன் என்றால், நடந்த சம்பவத்துக்குப் பதிப்புரிமை என்று ஒன்று கிடையாது. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் சரி, இங்கிலாந்தின் 1988 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் சரி, எழுதப்பட்ட சொற்களையும் எடுக்கப்பட்ட படங்களையும் காக்கின்றனவே தவிர, ஒரு மனிதருக்கு நேர்ந்ததைக் காப்பதில்லை. ஒரு தடவை கதை வெளியே போய்விட்டால், அதைத் தங்கள் சொற்களில் திருப்பி எழுதுகிற எவரிடமும் போய் நாம் பணம் கேட்க முடியாது. அப்படியென்றால் சஞ்சிகை எதற்குப் பணம் கொடுக்கிறது? மற்றவர்களுக்கு முன்னால், தனக்கு மட்டும், கதைக்கு உரியவரின் வாயாலேயே, அவருடைய வீட்டுப் படங்களோடு கிடைக்கிறது என்பதற்குத்தான். கதைக்கு உரியவரின் கையில் உள்ள பலமெல்லாம் அவர் வாய் திறப்பதற்கு முன்னால் இருக்கிற பலம்தான். தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் அழுது எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, அதன் பிறகு தொகை பேசுவது நம்மவர்களுக்கு நடக்கக்கூடிய மிகச் சாதாரணமான விடயம். அதில்தான் இழப்பு முழுவதும் இருக்கிறது.

எங்கள் விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் தம்பி கல்யாணம் முடித்து நாவலடியில் மச்சாளின் சீதன வீட்டில் இருந்தவன். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் நிலம் அது. 2004 டிசம்பர் 26, போயா தினமான அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பியும் அவனுடைய மகளான என் மருமகளும் அலையோடு போனார்கள். மச்சாளும் கைக்குழந்தையாக இருந்த மருமகனும் தப்பினார்கள். அந்த நாட்களில் மட்டக்களப்புக்குத் தொண்டு செய்ய வந்த ஓர் ஆங்கிலேயத் தாதி மருமகனைப் பராமரித்தார். அவர் ஊருக்குத் திரும்பிய பிறகும் ஆண்டுதோறும் கடிதம் எழுதி வந்தார். இங்கிலாந்து வாசகர்களுக்கு இந்தக் கதையில் பிடிப்பு ஏற்படக் காரணமே அந்தத் தாதிதான் என்பதை முகவர்கள் எங்களிடம் மறைக்கவில்லை. லண்டனில் இருக்கும் என் பெரியம்மாவின் மகள், மச்சாள் பிறகு குடியேறிய திராய்மடு வீட்டுக்குக் கூரை மாற்றுவதற்குப் பணம் தேவைப்பட்ட நேரத்தில், மச்சாளைக் கேட்டு அவர் சம்மதித்த பிறகே நிறுவனத்தின் இணையப் படிவத்தில் விபரங்களை நிரப்பினாள்.

அந்தப் படிவத்துக்கு மேலே 2,000 பவுண்ட் வரை பெறலாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். வரை என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். வாராந்தச் சஞ்சிகைகளில் சாதாரணமாகக் கிடைப்பது சில நூறு பவுண்ட்தான்; பெரிய தொகை என்பது நாடே பேசிக்கொண்டிருக்கும் சம்பவத்தின் நடுவில் இருப்பவருக்கு, அதுவும் சம்பவம் சூடாக இருக்கும் சில நாட்களுக்குள் மட்டும் கிடைப்பது. 2007 இல் ஈரானில் தடுத்து வைக்கப்பட்டு விடுதலையான பிரித்தானியக் கடற்படையினர் தங்கள் கதைகளை விற்கப் பாதுகாப்பு அமைச்சு முதலில் அனுமதித்துவிட்டு, மக்களின் கோபத்தைப் பார்த்துச் சில நாட்களிலேயே அதைத் தடை செய்தது. அப்படிப்பட்ட கதைகளுக்குப் பேசப்படும் விலையை மனதில் வைத்துக்கொண்டு, இருபது வருடத்துக்கு முந்திய நம் வீட்டுத் துக்கத்துக்கு விலை எதிர்பார்ப்பது ஏமாற்றத்தில்தான் முடியும். எங்களுக்கு முதலில் 300 பவுண்ட் என்றார்கள். தாதியின் கடிதங்களும் அவர் எடுத்த படங்களும் எங்களிடம் இருப்பதைச் சொன்ன பிறகு 500 என்று ஒத்துக்கொண்டார்கள். கதை சொல்பவர் முகவருக்குத் தரகு எதுவும் கொடுக்கத் தேவையில்லை. சஞ்சிகை கொடுப்பதிலிருந்து அவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். சஞ்சிகை அவர்களுக்கு எவ்வளவு கொடுத்தது என்று நான் எழுதிக் கேட்டேன். அது வியாபார இரகசியம் என்று பதில் வந்தது. இந்தச் சேவையில் எனக்குள்ள மிகப் பெரிய குறை இதுதான். தன் பிள்ளையை இழந்த கதையை எவ்வளவுக்கு விற்றார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அந்தத் தாய்க்கு இல்லை என்பதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை.

ஒப்பந்தம் நான்கு பக்கம். அதில் நாங்கள் திருத்தச் சொன்னவற்றையும் அவர்கள் திருத்தியவற்றையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பணம் அங்கேதான் தீர்மானமாகிறது. முதலாவது, கொடுப்பனவு எப்போது என்பது. கதை அச்சில் வெளிவந்த பிறகே பணம் என்று எழுதியிருந்தார்கள். இது அந்தத் துறையில் வழக்கமான நிபந்தனை. ஆனால் சஞ்சிகை கதையை வாங்கி வைத்துக்கொண்டு, அதைவிடப் பரபரப்பான ஒன்று வந்ததும் இதைத் தள்ளிவிட்டால் என்ன ஆகும்? நினைவு நாள் கடந்துவிட்டால் இந்தக் கதையை அடுத்து எவரும் கேட்கப் போவதில்லை. ஆகவே வெளியிடாமல் விட்டாலும் பேசிய தொகையில் பாதியைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரியைச் சேர்க்கக் கேட்டோம். அதை மறுத்தார்கள். நான்கில் ஒரு பங்கு என்று இறங்கிக் கேட்டபோது சம்மதித்தார்கள். இப்படி ஒன்றைக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. அங்குள்ள எழுத்தாளர்கள் தங்கள் கட்டுரைகளுக்கு இதை வழக்கமாகவே கேட்கிறார்கள்.

இரண்டாவது, தனியுரிமை, அதாவது கதை அந்தச் சஞ்சிகைக்கு மட்டுமே உரியது என்ற நிபந்தனை. ஒப்பந்தத்தின்படி மச்சாள் ஓராண்டுக்கு வேறு எந்த ஊடகத்துக்கும் இதைப் பற்றிப் பேசக்கூடாது, முகநூலில்கூட எழுதக்கூடாது. நாவலடி நினைவுத் தூபியில் ஒவ்வொரு டிசம்பர் 26 ஆம் திகதியும் விளக்கேற்றும்போது உள்ளூர்ச் செய்தியாளர்கள் வருவார்கள். உறவை இழந்தவர்கள் இரண்டு வார்த்தை பேசுவார்கள். மச்சாள் அந்தக் கூட்டத்தில் நின்று மகளின் பெயரைச் சொன்னால் அது ஒப்பந்த மீறல் ஆகிவிடுமா என்று கேட்டு எழுதினேன். எழுத்தின்படி ஆகும் என்றுதான் அவர்களும் சொன்னார்கள். பிறகு, நினைவு நிகழ்வுகளிலும் கோயிலிலும் பேசுவதும், சஞ்சிகை வெளிவந்த பிறகு இலங்கையின் தமிழ் ஊடகங்களுக்குப் பேசுவதும் தனியுரிமைக்குள் அடங்காது என்று ஒரு வாசகத்தைச் சேர்த்துத் தந்தார்கள். இதை அவர்கள் தயங்காமல் செய்தார்கள் என்பதைக் குறிப்பிட்டேயாக வேண்டும்.

மூன்றாவது, மறுவிற்பனை. ஒரு தடவை 500 பவுண்ட் கொடுத்துவிட்டால் கதையையும் படங்களையும் உலகின் எந்தப் பத்திரிகைக்கும் எத்தனை தடவையும் விற்கலாம் என்று மூன்றாம் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. மறுவிற்பனையில் கிடைப்பதில் பாதி மச்சாளுக்கு என்று அதை மாற்றச் சொன்னோம், மாற்றினார்கள். பின்னர் அந்த வரிதான் எங்களுக்குக் கைகொடுத்தது.

கதை கேட்ட பெண்ணைப் பற்றி நல்லதாகவே சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் பேசினார், மச்சாள் தொண்டை அடைத்து நின்றபோது அவசரப்படுத்தவில்லை, இன்னொரு நாள் பேசுவோமா என்று அவரே கேட்டார். நான் தமிழிலிருந்து சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். பிறகு எழுதி முடித்த பிரதியை எனக்கு அனுப்பினார்கள். அச்சுக்குப் போகும் முன் கதைக்கு உரியவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருந்தது. அன்று மாலை மச்சாளின் விறாந்தையில் இருந்து ஒவ்வொரு பந்தியாக வாசித்துத் தமிழில் சொன்னேன். மூன்றாம் பந்தியில், தண்ணீர் கழுத்தளவுக்கு வந்தபோது இரண்டு பிள்ளைகளில் ஒன்றைத்தான் பிடித்திருக்க முடியும் என்று உணர்ந்து மகனைத் தெரிவு செய்ததாக எழுதியிருந்தது. மச்சாள் நிமிர்ந்து பார்த்து, “நான் அப்படிச் சொல்லல்ல மச்சாள். ஆரையும் நான் தெரிவு செய்யல்ல. தண்ணிதான் புள்ளயப் பறிச்சிட்டுப் போன” என்றார். அவர் சொன்னது உண்மை. பேசிய முழுவதும் என் வாய் வழியாகத்தான் போயிற்று. அப்படி ஒரு வார்த்தை அதில் வரவில்லை. கதையை இறுக்கமாக்குவதற்காக எழுதியவர் தானாகவே சேர்த்தது அது. ஒரு தாய் தன் மகளைக் கைவிட்டார் என்று உலகம் வாசிக்கும்படி ஆகியிருக்கும்; மருமகனோ தனக்காகத் தன் அக்காவைத் தாய் விட்டுவிட்டார் என்ற எண்ணத்தோடு வாழ வேண்டியிருக்கும்.

அந்தப் பந்தியை எடுக்காவிட்டால் கதையைத் திரும்பப் பெறுகிறோம் என்று அன்றிரவே எழுதினேன். மறுநாளே திருத்திய பிரதி வந்தது, மன்னிப்பும் கேட்டிருந்தார்கள். இங்கிலாந்துப் பத்திரிகைகளில் பெரும்பாலானவை 2014 செப்டெம்பரிலிருந்து இப்ஸோ என்னும் சுய ஒழுங்காற்று அமைப்பின் கீழ் இருக்கின்றன. அதன் நடத்தைக் கோவையின் முதலாம் பிரிவே தவறான, பிழையான எண்ணத்தைத் தரும் செய்தியை வெளியிடக்கூடாது என்பதுதான். ஆனால் வெளிவந்த பிறகு முறைப்பாடு செய்து திருத்தம் போட வைப்பதைவிட, வெளிவரும் முன் பிரதியைப் பார்க்கும் உரிமையை ஒப்பந்தத்தில் வைத்திருப்பது எத்தனையோ மடங்கு மேல். பணம் சற்றுக் குறைந்தாலும் அந்த உரிமையை விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அந்த நடத்தைக் கோவையில் நம் பகுதியினர் தெரிந்திருக்க வேண்டிய வேறு சில பிரிவுகளும் உண்டு. பிள்ளைகளின் நலன் சம்பந்தப்பட்ட விடயத்துக்குச் சிறுவர்களுக்கோ, தம் பிள்ளையைப் பற்றிய விடயத்துக்குப் பெற்றோருக்கோ, அது பிள்ளையின் நன்மைக்கு என்று தெளிவாக இல்லாதவரை பணம் கொடுக்கக்கூடாது என்கிறது ஆறாம் பிரிவு. மருமகன் வளர்ந்த பிள்ளை என்பதால் அவனுடைய சம்மதத்தைத் தனியாக எழுதி வாங்கினார்கள். அவன் ஒப்பமிடாமல் கதை நகரவில்லை. குற்ற வழக்கொன்று நடந்துகொண்டிருக்கும்போது அதில் சாட்சியாக வரக்கூடியவருக்குப் பணம் கொடுப்பதைப் பதினைந்தாம் பிரிவு தடுக்கிறது; குற்றம் புரிந்தவருக்கோ அவருடைய குடும்பத்தாருக்கோ அந்தக் குற்றத்தை வைத்துப் பணம் கொடுப்பதைப் பதினாறாம் பிரிவு, பொதுநலம் இருந்தாலன்றி, தடுக்கிறது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் உறவுகளை இழந்த குடும்பங்களையும் இப்படிப்பட்ட முகவர்கள் தேடி வரக்கூடும். எந்த நாட்டு நீதிமன்றமானாலும், சாட்சி சொல்ல வேண்டிய ஒருவர் தன் சாட்சியத்தை விலைக்கு விற்றார் என்ற பேச்சு அந்த வழக்குக்கே கேடு. அப்படிப்பட்டவர்கள் முதலில் தங்கள் சட்டத்தரணியைக் கேட்க வேண்டும்.

உண்மைக்கான உத்தரவாதம் என்ற ஒரு பிரிவும் ஒப்பந்தத்தில் இருந்தது: சொன்னது எல்லாம் உண்மை என்றும், பொய்யென்று வழக்கு வந்தால் கதை சொன்னவரும் பொறுப்பு என்றும். திராய்மடுவில் வீடு கட்டியபோது சீமெந்தில் நடந்த குளறுபடியை மச்சாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். சஞ்சிகைக்காரர்கள் அதைப் பெயரோடு கேட்டார்கள். இலங்கையில் குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002 இல் நீக்கப்பட்டுவிட்டது என்றாலும், நட்டஈடு கேட்டுச் சிவில் வழக்குப் போட இன்றும் இடமுண்டு. கையில் கடதாசி ஆதாரம் இல்லாத குற்றச்சாட்டை அங்கே எழுத வைத்து 500 பவுண்டுக்காக வழக்கைச் சுமப்பது அறிவுடைமை அல்ல என்பதால் அந்தப் பகுதியை முழுவதும் எடுத்துவிடச் சொன்னோம்.

படங்களைப் பற்றியும் ஒரு விடயம். தம்பியின் கல்யாணப் படம் ஒன்றுதான் மிஞ்சியது; அதுவும் எங்கள் வீட்டு அல்பத்தில் இருந்ததால். படத்தின் உரிமை எடுத்த ஸ்டூடியோவுக்கு உரியதாக இருக்கலாம் என்று முகவர்கள் அனுமதிக் கடிதம் கேட்டார்கள். மட்டக்களப்பில் அந்த ஸ்டூடியோவை நடத்தியவரின் மகனைத் தேடிப்பிடித்துக் கடிதம் பெற்றோம். விடயத்தைக் கேட்டதும் அவர் ஒரு சதம்கூட வாங்கவில்லை. மூலப்படத்தைத் தபாலில் அனுப்பாமல், நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து அனுப்பினோம். இருக்கிற ஒரே படத்தை எவரை நம்பியும் கடல் கடத்தக்கூடாது.

கதை, அவர்கள் சொல்லியிருந்த வாரத்திலேயே வெளிவந்தது. பணம் அப்படி வரவில்லை. வெளிவந்து முப்பது நாட்களுக்குள் என்று ஒப்பந்தம் சொன்னது. அந்தத் தவணை கடந்தும் ஒரு தகவலும் இல்லை. நினைவூட்டி எழுதியபோது, சஞ்சிகை தங்களுக்கு இன்னும் தரவில்லை என்றார்கள். சஞ்சிகை தந்த பிறகே தருவோம் என்று ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை என்பதைப் பக்க எண்ணோடு சுட்டிக்காட்டி மீண்டும் எழுதிய பிறகே பணத்தை அனுப்பினார்கள். பிறகு வங்கியில் நின்றது. ஒப்பந்தத்தில் மச்சாளின் பெயருக்குப் பின்னால் தம்பியின் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு அனுப்பியிருந்தார்கள். அடையாள அட்டையிலும் பாஸ்புத்தகத்திலும் இருப்பதோ தகப்பனின் முதலெழுத்தோடு கூடிய பெயர். கல்லடியில் உள்ள வங்கிக் கிளையில் விவாகச் சான்றிதழையும் ஒப்பந்தத்தின் பிரதியையும் காட்டி, எதற்காக வந்த பணம் என்று ஒரு படிவமும் நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகவே பாஸ்புத்தகத்தில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே பெயரை எழுதச் சொல்லி, கணக்கு இலக்கத்தையும் கிளையின் பெயரையும் ஸ்விஃப்ட் குறியீட்டையும் வங்கியிலேயே கேட்டு வாங்கி அனுப்பவேண்டும். இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து அனுப்பும்போது வங்கிச் செலவை அனுப்புபவர் முழுவதும் ஏற்பதா, இருவரும் பகிர்வதா என்று தெரிவு செய்யும் இடம் உண்டு. அவர்கள் பகிர்வதைத் தெரிவு செய்தார்கள். இடையில் இருந்த வங்கியும் இங்குள்ள வங்கியும் கழித்துக்கொண்டது போக, ஏறத்தாழ 175,000 ரூபா மச்சாளின் கணக்கில் விழுந்தது. பேசிய தொகை குறைவின்றிச் சேர வேண்டும் என்ற ஒரு வரி இருந்திருந்தால் அந்தக் கழிவும் அவர்கள் தலையில் போயிருக்கும். இதை எழுதிக் கேட்பவருக்கு அவர்கள் மறுக்கக் காரணமில்லை.

சில மாதங்களில் அதே கதை சுருக்கமாக, அதே கல்யாணப் படத்தோடு, வேறொரு பத்திரிகையின் இணையத்தில் வந்திருப்பதை லண்டன் தங்கச்சி கண்டு அனுப்பினாள். முகவர்கள் தாமாக எங்களுக்கு அறிவிக்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் திருத்திய வரியைக் காட்டிக் கேட்டதும், மறுக்காமல் 60 பவுண்ட் அனுப்பினார்கள். அது பாதிதானா என்று சரிபார்க்க எந்த வழியும் இல்லை. அவர்கள் சொன்னதை நம்பத்தான் வேண்டியிருந்தது.

இப்படிப் பணம் வாங்குவது சரியா என்று எங்கள் உறவுக்குள்ளேயே சிலர் முகத்தைச் சுழித்தார்கள். நம் ஊர்ப் பத்திரிகைகளில் கதைக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் இல்லை. ராய்ட்டர்ஸ், ஏபி போன்ற செய்தி நிறுவனங்களும் பேட்டிக்குப் பணம் கொடுப்பதில்லை, அது அவற்றின் கொள்கை. செய்தியென்று வந்து கேட்பவரிடம் பணம் கேட்பது உண்மையின் மதிப்பைக் குறைக்கும் என்பது எனக்கும் உடன்பாடுதான். ஆனால் கதையைப் பொழுதுபோக்குச் சஞ்சிகையில் போட்டு விற்பவர்கள் வேறு. அவர்கள் அதில் சம்பாதிக்கும்போது கதைக்கு உரியவர் வெறுங்கையோடு இருக்க வேண்டும் என்று எந்தத் தருமமும் சொல்லவில்லை. வாங்காமலே வாங்கியதாகப் பெயர் எடுப்பதுதான் இன்னும் கொடுமை. ஆழிப்பேரலையில் உயிர்தப்பி, கல்முனை வைத்தியசாலையில் 81 ஆவதாகச் சேர்க்கப்பட்டதால் அந்த எண்ணாலேயே உலகம் அறிந்த குழந்தையை நம் பகுதியில் மறந்தவர் இருக்க முடியாது. ஒன்பது தம்பதிகள் உரிமை கோரியதாக வெளிநாட்டு ஊடகங்கள் எழுதின; நீதிமன்றத்தில் உரிமை கோரியதோ ஒரே ஒரு தம்பதிதான். 2005 பெப்ரவரியில் டிஎன்ஏ பரிசோதனை அவர்களே பெற்றோர் என்று உறுதி செய்தது. அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று அவர்களை நியூயோர்க்குக்கு அழைத்துச் சென்றது. அந்தப் பயணத்தில் பெரும் பணம் கிடைத்திருக்கும் என்று ஊரார் எண்ணியதால் தாங்கள் பட்ட பாட்டை அந்தக் குடும்பத்தினர் பின்னாளில் ஊடகங்களுக்குச் சொன்னார்கள். இதனாலேயே, மச்சாளுக்கு வந்தது எவ்வளவு என்பதை அவருடைய சம்மதத்தோடு இங்கே வெளிப்படையாக எழுதியிருக்கிறேன்.

மச்சாளும் மருமகனும் தொகையை எப்படிப் பகிர்வது என்று கதை சொல்லும் முன்பே பேசி எழுதிக்கொண்டார்கள். 2010 இல் சிலியின் சுரங்கத்தில் சிக்கிய 33 தொழிலாளர்களும் தங்கள் கதையில் வரும் வருமானத்தைச் சமமாகப் பகிர்வதென்று கூடி ஒப்பந்தம் செய்தார்கள். பலருக்கும் பொதுவான துக்கத்தை ஒருவர் வாயால் சொல்லும்போது, மற்றவர்களை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது முறை. தாதியிடமும் கேட்டோம், தனக்கு எதுவும் வேண்டாம், கூரைக்கே போகட்டும் என்று எழுதினார்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு, திருக்கோவிலிலிருந்தும் காரைதீவிலிருந்தும் என்னைத் தொடர்புகொண்டு இதைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பதிவுக் கட்டணம் என்றோ மொழிபெயர்ப்புக் கட்டணம் என்றோ முன்பணம் கேட்கும் எவரும் உண்மையான முகவர் அல்லர் என்பதைத்தான். அதற்கடுத்து, வீடு தேடி வந்து கமராவைத் திறந்து, உதவி எடுத்துத் தருகிறோம் என்று கண்ணீரைப் பதிவு செய்து யூடியூபில் போடுபவர்களோடு இந்த நிறுவனத்தை ஒப்பிட்டால், இது எவ்வளவோ மேல் என்பதையும் சொல்கிறேன். அங்கே தொகையும் இல்லை, கடதாசியும் இல்லை, பிரதியைப் பார்க்கும் உரிமையும் இல்லை. பதிவேற்றியது பிள்ளையின் முகத்தோடு அப்படியே கிடக்கும்.

ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி ஒன்றைத் தர வேண்டும், விற்ற விலையைக் கதைக்கு உரியவருக்குக் காட்ட வேண்டும், மறுவிற்பனையைக் கேட்காமலே அறிவிக்க வேண்டும் என்று நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். மூன்றாவதைச் செய்வதாக மட்டும் பதில் வந்திருக்கிறது. தனியுரிமைக்கான ஓராண்டு முடிந்துவிட்டதால், எடுத்தவர்களும் எழுதியவரும் சம்மதித்தால், அந்தப் படங்களையும் கடிதங்களையும் இனி எவர் கேட்டாலும் மச்சாளே நேரடியாக விலை பேசிக் கொடுக்கலாம்.